சாளரத்தருகே ஒரு குடம்பை



உயிர்கள் எடுக்கும் பிறவி எண்பத்து நான்கு நூறாயிரம் வகை என்பது சைவ நூல்கள் கூறும் கணக்கு. அவற்றுள் பறவையினம் பத்து நூறாயிரம் என்பர். முட்டையில் தோன்றுவனவற்றை அண்டசம் என்று வகுத்தனர். வடமொழியில் பறவைக்குத் ‘துவிசம்’ என்றும் ஒரு பெயர் உண்டு. இருமுறை பிறப்பது என்பது அதன் பொருள். முட்டையாக வெளிவருவது ஒரு பிறப்பு. அம்முட்டையின் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிப்படுவது மறுபிறப்பு. இந்த இரு பிறப்பும் ஓர் இல்லத்தின் சாளரத்தருகே நிகழ்ந்தன. அவற்றைக் கண்டிருந்த இரண்டு முதியோரின் வாழ்வு அதனால் எவ்வாறு திருந்தியது என்பதே இன்றைய சிந்தனைப் பொருள்.

முல்லைக்கொடியில் வந்த விருந்து

திருவாரூருக்கு அணித்தாக உள்ள ஒரு சிற்றூர். ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவரும் அவர்தம் வாழ்க்கைத் துணைவியாரும் மகன், மருமகளோடு அங்கு வாழ்ந்து வந்தனர். ஒரு மாசி மாதத்து விடியலில், கிணற்றடியில் வழுக்கி விழுந்த அம்மையாருக்குத் தொடை எலும்பு முறிந்தது. அறுவை மருத்துவம் செய்து வீட்டிற்கு அழைத்து வந்தார்கள். கூடத்தை அடுத்த அறையில், சாளரத்தை ஒட்டிக் கட்டில் இடப்பட்டது.

நாற்பது ஆண்டுகள் அந்த வீட்டில் எல்லோருக்கும் பின்னே உண்டு, எல்லோருக்கும் முன்னே எழுந்தவர் அவ்வம்மையார். இப்பொழுது உடல் துடைப்பதற்கும், இயற்கைக் கடன் கழிப்பதற்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. மருமகள் முகம் சுளிக்கவில்லை. ஆயினும் மாமியாருக்கு நாணம் தீரவில்லை. உண்டால் அன்றோ பிறருக்கு அந்தத் தொல்லை என்று எண்ணி, உணவைக் குறைத்துக்கொண்டார். இரண்டு இட்டிலி ஒன்றாயிற்று, ஒன்று பாதியாயிற்று. நடைப்பயிற்சி அளிக்க வந்த இயன்முறை மருத்துவரிடம், “இன்றைக்கு வேண்டாம்” என்பதே அவர் சொல்லும் விடையாயிற்று.

இவ்வாறு இருக்கையில், பங்குனி மாதத்தில், சாளரத்துக் கம்பியில் படர்ந்திருந்த முல்லைக்கொடிக்குள் கொண்டைக்குருவி இணை ஒன்று வந்தது. தலையிலே சிறு கொண்டையும், வாலின் அடியிலே குங்குமச் செம்மையும் உடைய இப்பறவையைச் ‘சின்னான்’ என்றும் கூறுவர். மெல்லிய சுள்ளி, உலர்ந்த புல், வேர்நார், சிலந்தி நூல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கொணர்ந்து, சிறு கிண்ணம் போன்றதொரு கூட்டை அவை அமைத்தன. நாளுக்கு ஒன்றாக மூன்று முட்டைகள் தோன்றின. வெளிறிய இளஞ்சிவப்பின்மேல் செம்புள்ளிகள் தெளித்தாற்போன்ற முட்டைகள். ஏறத்தாழப் பதினான்கு நாள் அடைகாத்தால் குஞ்சு வெளிப்படும்.

சுவரையே நோக்கிப் படுத்திருந்த அம்மையார் சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார். அதுவே வீட்டாருக்குப் பெருமகிழ்ச்சி ஆயிற்று.

அன்பு செய்த பிழை

கட்டிலில் கிடந்தவாறு பார்ப்பவருக்குக் கூட்டின் ஓர் ஓரமும், அடைகாக்கும் பறவையின் வாலும் மட்டுமே தெரிந்தன. இலைகள் மறைத்தன. “இன்னும் சற்று நன்றாகத் தெரிந்தால் இவள் மனம் மகிழுமே” என்று கணவர் எண்ணினார். எண்ணியதில் குற்றம் இல்லை. ஒரு பிற்பகலில், பறவை இரைக்குச் சென்றிருந்த வேளையில், கத்திரிக்கோலை எடுத்து, மறைத்த இலைகளில் ஒரு கைப்பிடி அளவு கழித்தார். கூடு தெளிவாகத் தெரிந்தது. மூன்று முட்டைகளும் தெரிந்தன. அம்மையார் புன்னகை செய்தார்.

ஆனால், கட்டிலில் இருந்தவருக்குத் திறந்த வழி, வானத்தில் இருந்த காக்கைக்கும் திறந்துவிட்டது. மறுநாள் வைகறையில் கொண்டைக்குருவிகள் இரண்டும் கதறும் ஒலி கேட்டுக் கணவர் ஓடிவந்தபோது, காக்கை எழுந்து பறந்தது. சாளரத்துத் திண்டில் முட்டையோட்டின் சில்லுகள் கிடந்தன. கூடு ஒருபுறமாகச் சாய்ந்து தொங்கியது.

அம்மையார் ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. “சன்னலைச் சாத்திவிடுங்கள்” என்று மட்டும் சொன்னார். சாத்திய சாளரம் பல நாள் திறக்கப்படவில்லை. அன்று முதல் அவர் பாதி இட்டிலியையும் ஒதுக்கத் தொடங்கினார். காக்கையின்மேல் பழி போட்டுத் தப்பிக்கக் கணவரால் இயலவில்லை. காக்கை தன் பசிக்கு உரியதைச் செய்தது. மறைப்பை நீக்கிய கை தம்முடைய கை என்பது அவருக்குத் தெரியும்.

மறைப்பும் அருளே

சிந்திக்க வேண்டிய இடம் இது. இறைவன் செய்யும் தொழில்கள் ஐந்து: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். மறைத்தலை ஏன் இறைவன் தொழிலாக வைத்தார்கள் என்று பலர் ஐயுறுவது உண்டு. மறைத்தலும் உயிரைக் காக்கும் அருளே என்பது ஆன்றோர் துணிபு. முல்லையின் இலை, காண்பவருக்கு மறைப்பு. கூட்டில் இருக்கும் உயிருக்கோ அதுவே காப்பு. நமக்குத் தடையாகத் தோன்றுவது வேறோர் உயிருக்கு அரணாக இருத்தல் கூடும்.

தில்லையிலே சிதம்பர ரகசியம் என்று வழிபடப் பெறும் இடத்தில் காணப்படுவது யாது? திரை விலகும்போது தொங்கும் பொன் வில்வ இலைகளே கண்ணுக்குப் புலனாகின்றன. இலைக்கு அப்பால் உள்ளதைக் கருத்தால் உணர்ந்து வணங்கி மீள்கின்றனர் அடியவர். எவரும் இலையைக் கழித்துப் பார்க்க முனைவது இல்லை. காணக் கிடைத்த அளவோடு நின்று கைகூப்புவதே வழிபாடு.

முண்டக உபநிடதத்திலே ஓர் உவமை வருகின்றது. ஒரே மரத்தில் இரண்டு பறவைகள் நட்புடன் அமர்ந்திருக்கின்றன. ஒன்று மரத்தின் கனியை உண்கிறது. மற்றொன்று உண்ணாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. உண்ணும் பறவை உயிர். பார்த்திருக்கும் பறவை இறைவன். வெறுமனே பார்த்திருப்பது சோம்பல் அன்று. அன்போடு பார்த்திருத்தல் அரிய செயல். கையை நீட்டாமல், கண்ணை எடுக்காமல் இருப்பதற்குப் பெரும் பொறுமை வேண்டும். அப்பொறுமையைத்தான் அந்தக் கணவர் இனிக் கற்க வேண்டியிருந்தது.

வலிவலத்து வழிபாடு

மனம் ஆறாத அவர் ஒரு நாள் வலிவலம் திருக்கோயிலுக்குச் சென்றார். அங்கே எழுந்தருளியிருக்கும் பெருமானுக்கு மனத்துணைநாதர் என்பது திருப்பெயர். வலியன் என்னும் கரிக்குருவி வழிபட்ட தலம் ஆதலின் வலிவலம் எனப் பெயர் பெற்றது. மதுரைத் திருவிளையாடல்களுள்ளும் கரிக்குருவிக்கு உபதேசித்த படலம் ஒன்று உண்டு. முற்பிறப்பில் நல்வினை மிகுதியும் செய்து, தீவினை சிறிது செய்த ஒருவன் கரிக்குருவியாகப் பிறந்தான். காக்கை முதலிய பறவைகள் தலையில் கொத்தக் குருதி சொரிய வருந்திய அக்குருவி, மரத்தடியில் அடியவர் ஒருவர் மதுரையின் பெருமையைக் கூறக் கேட்டு, பொற்றாமரையில் மூழ்கிச் சோமசுந்தரப் பெருமானை வழிபட்டது. பெருமான் மிருத்தியுஞ்சய மந்திரத்தை உபதேசித்து, வலியவற்றினும் வலிதாக்கி அருளினான் என்பது வரலாறு.

கரிக்குருவி என்பது கரிச்சான் என்றும் இரட்டைவால் குருவி என்றும் வழங்கும் பறவை. உருவில் சிறியது, ஆயினும் தன் கூட்டை நெருங்கும் காக்கையையும் பருந்தையும் அஞ்சாமல் துரத்தித் தாக்கும். ஆதலால் வேறு சிறு பறவைகள் கரிச்சான் கூடு கட்டிய மரத்தை அடுத்துத் தம் கூட்டை அமைத்துக்கொள்வது உண்டு. கொண்டைக்குருவியை அவற்றுள் சிறப்பாகக் கூறுவர் பறவை நூலார். புராணம் கூறும் வலிமையும் கண்கூடாகக் காணும் இயல்பும் இவ்வாறு ஒத்திருத்தல் எண்ணி மகிழத்தக்கது.

மீண்டும் வந்த விருந்து

வைகாசி பிறந்தது. ஒரு நாள் காலை, சாத்திய சாளரத்திற்கு அப்பால் பழகிய குரல் ஒன்று கேட்டது. “சன்னலைத் திறவுங்கள்” என்றார் அம்மையார். எட்டு அடித் தொலைவில் வேலியோரமாக நின்ற மருதாணிப் புதருக்குள் கொண்டைக்குருவிகள் புகுவதும் வெளிப்படுவதுமாக இருந்தன. ஒரு கூட்டை இழந்த பறவை மீண்டும் கட்டத் தொடங்குவது இயல்பே. பக்கத்து மனையின் வேப்பமரத்தில் கரிச்சான் இணை ஒன்று ஏற்கெனவே குடியேறியிருந்தது.

புதரின் அடர்த்தியால் கூடு தெரியவில்லை. பறவை அமரும்போது கொண்டையின் நுனியும் வாலின் செம்மையும் மட்டும் சிறிது புலப்பட்டன. அவ்வளவே. கணவர் புதரை நோக்கினார்; பின் மனைவியை நோக்கினார்.

“இவ்வளவு தெரிந்தால் போதும். அப்படியே இருக்கட்டும்” என்றார் அம்மையார்.

மருதாணி பறிக்க வந்த அண்டை வீட்டுப் பெண்களிடம், “இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், அம்மா” என்று அவர் வேண்டினார். திருமண நாளை முன்னிட்டு வேலிக்கு வண்ணம் பூச ஏற்பாடு செய்திருந்த மகனிடமும் ஆனி மாதம் வரை தள்ளிவைக்கச் சொன்னார். நிழலான ஓரிடத்தில், மண் சட்டி ஒன்றில் நாள்தோறும் நீர் மாற்றி வைத்தார். அதற்குமேல் எதனையும் செய்யவில்லை. செய்யாமல் இருப்பதே அவர் செய்த பெருந்தொண்டு.

ஒரு நண்பகலில் காக்கை வந்து வேலியில் அமர்ந்தது. கணவர் எழுவதற்கு முன்பே வேப்பமரத்திலிருந்து கரிய அம்பு போல ஒன்று பாய்ந்தது. கரிச்சான் காக்கையின் முதுகின்மேல் மோதி, அதனைத் தெருக்கோடி வரை துரத்திச் சென்று திரும்பியது. அம்மையார் கைகூப்பினார். “வலிவலத்தான் ஆள் அனுப்பியிருக்கிறான்” என்றார். பல வாரங்களுக்குப் பின் அவர் சிரித்த முதற்சிரிப்பு அது.

பரிச தீக்கை

தீக்கை வகைகளைச் சைவ ஆன்றோர் விளக்கும்போது மூன்று உவமை கூறுவர். மீன் தன் முட்டையைக் கண்ணால் நோக்கியே பொரிக்கும். அது நயன தீக்கைக்கு உவமை. ஆமை கரையில் இட்ட முட்டையை நீரிலிருந்தே நினைந்து பொரிக்கும். அது மானச தீக்கைக்கு உவமை. பறவை முட்டையைத் தீண்டித் தழுவிப் பொரிக்கும். அது பரிச தீக்கைக்கு உவமை. முன்னைய இரண்டும் கருத்தை விளக்க வந்த உவமைகள். பறவையின் செயலோ எவரும் கண்ணாரக் காணத்தக்கது. தாயின் மார்புச் சூடு இடைவிடாமல் பட்டால் அன்றி முட்டைக்குள் உயிர் வளராது.

தீண்ட வேண்டியவர் தீண்ட வேண்டும். காண வேண்டியவர் காண வேண்டும். கூட்டைத் தீண்டும் உரிமை தாய்க்கு உண்டு, காண்பவர்க்கு இல்லை. இந்த எல்லையை அறிவதே அறிவு.

குஞ்சுகள் வெளிப்பட்டன. கண் திறவாமலும் இறகு இன்றியும் பிறந்த அவற்றிற்குத் தாயும் தந்தையும் புழு பூச்சிகளைக் கொணர்ந்து ஊட்டின. ஒவ்வொரு முறை ஊட்டிய பின்னும் பறவை சிறிது நேரம் காத்து நிற்பதை அம்மையார் கண்டார். ஒரு முறை, வெண்ணிறமாக ஏதோ ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு அது பறந்து சென்றது. “அது என்ன?” என்று கேட்டார். பறவைகளைப் பற்றி ஓரளவு படித்திருந்த பெயரன் விடை கூறினான்.

“பாட்டி, அது குஞ்சின் எச்சம். கூடு அசுத்தமாகக் கூடாது என்று தாய்ப்பறவையே வாயில் வாங்கி அப்புறப்படுத்துகிறது. சில வேளை விழுங்கியும் விடும்.”

அம்மையார் நெடுநேரம் பேசவில்லை. அருகில் நின்ற மருமகளின் கையைப் பற்றிக்கொண்டார். மருமகளும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை, தட்டில் வைத்த இட்டிலியை உண்டு முடித்து, “இன்னும் ஒன்று வை” என்றார்.

ஊட்டுவது அன்பு என்று எல்லோரும் அறிவர். துடைப்பதும் அதே அன்பு. அதனை நாணமின்றி ஏற்றுக்கொள்வதும் அன்பே. பெற்ற பிள்ளைக்குத் தான் செய்ததைத் தனக்குப் பிறர் செய்யும்போது மட்டும் அது இழிவாகுமா? சின்னஞ்சிறு பறவை அந்தக் கேள்வியைக் கேளாமற் கேட்டது.

ஏறத்தாழ இரண்டு வாரத்தில் குஞ்சுகள் கூட்டை விட்டன. அவற்றுள் ஒன்று பறக்க மாட்டாமல் முற்றத்தில் விழுந்தது. எடுத்துக் கூட்டில் வைக்கப் பெயரன் ஓடினான். கணவர் தடுத்தார். தாய்ப்பறவை வேலியின்மேல் இரையுடன் அமர்ந்து அழைத்தது. குஞ்சு தத்தித் தத்தி நான்கடி நகர்ந்தது. தாய் இரையைக் கொடுத்துவிட்டு, இன்னும் சற்று அப்பால் சென்று அமர்ந்து அழைத்தது. அந்தி மயங்குவதற்குள் குஞ்சு தாழ்ந்த கிளை ஒன்றில் ஏறிவிட்டது.

மறுநாள் இயன்முறை மருத்துவர் வந்தபோது அம்மையார் “வேண்டாம்” என்று சொல்லவில்லை. ஊன்றி நடக்கும் சட்டத்தைப் பற்றி எழுந்தார். கணவர் கை எட்டும் தொலைவில் நின்றார். ஆனால் கையைப் பிடிக்கவில்லை. கால் நடுங்கியபோது அவருடைய கையும் நடுங்கியது. ஆயினும் பிடிக்கவில்லை. அம்மையார் வாயில் வரை ஆறு அடி நடந்தார். அந்த ஆண்டு ஆனித் திருமஞ்சனத்தன்று, சட்டத்தை ஊன்றியவாறே ஊர்க் கோயிலின் கொடிமரம் வரை சென்று கூத்தப்பெருமானைத் தரிசித்தார்.

கூடும் வீடும்

உடம்புக்கும் உயிருக்கும் உள்ள நட்பைக் குடம்பைக்கும் பறவைக்கும் உள்ள தொடர்பாகத் திருவள்ளுவர் நிலையாமை அதிகாரத்தில் உவமித்தார். குடம்பை என்னும் சொல்லுக்குக் கூடு என்பாரும் உளர். பரிமேலழகர் முட்டை என்று பொருள் கொண்டார். கூடாயின் பறவை அதற்குள் மீண்டும் புகும். முட்டையை விட்ட பறவை மீண்டும் அதனுள் புகாது. உயிரும் விட்ட உடம்பில் மீண்டும் புகாது என்பது அவர் கருத்து.

மருதாணிப் புதரில் நிகழ்ந்ததைக் கண்டவர்க்கு மேலும் ஒன்று புலனாகும். குஞ்சுகள் சென்ற பின், கொண்டைக்குருவி அக்கூட்டில் உறங்க வருவது இல்லை. கிளையில்தான் உறங்குகிறது. பெரும்பாலான பறவைகளுக்குக் கூடு என்பது நிலையான இருப்பிடம் அன்று. குஞ்சு வளரும் தொட்டில் மட்டுமே. தொட்டிலின் பயன் முடிந்ததும், எத்தனை நாள் பாடுபட்டுப் பின்னியதாயினும், பற்றின்றி விட்டுவிடுகிறது. பறவைக்கு உள்ளது கூடு. விடுவது எதுவோ அதுவே வீடு. வீடு என்னும் சொல்லே விடு என்பதன் அடியாகப் பிறந்தது அன்றோ?

ஊரே செய்த அறம்

இத்தகைய அறத்தைத் தனியொருவர் மட்டும் அன்றி, ஓர் ஊரே செய்து காட்டியதும் உண்டு. 2020ஆம் ஆண்டில் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி என்னும் சிற்றூரில், தெருவிளக்குகளின் மின்விசைப் பெட்டிக்குள் சிறு பறவை ஒன்று கூடு கட்டி முட்டையிட்டது. விசையைத் தொட்டால் கூடு கலையும். ஊரார் கூடிப் பேசி, குஞ்சுகள் பறக்கும் வரை தெருவிளக்கை ஏற்றுவது இல்லை என முடிவு செய்தனர். ஒரு மாதத்திற்கும் மேலாக அவ்வூர்த் தெருக்கள் இருளில் இருந்தன. அவ்வூரார் நெஞ்சில் ஒளி இருந்தது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனும் பிறந்த மரபு இன்றும் அற்றுப்போகவில்லை என்பதற்கு இது சான்று.

சட்டமும் இவ்வறத்தின் பக்கமே நிற்கின்றது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையைச் சிதைப்பதையும் கூட்டைக் கலைப்பதையும் வேட்டை என்னும் சொல்லின் பொருளிலேயே அடக்கியுள்ளது.

ஆதலின், அன்பர்களே! இல்லத்தின் சாளரத்திலோ தோட்டத்திலோ பறவை கூடு கட்டினால் அதனை வீட்டிற்கு வந்த விருந்தாகக் கருதுங்கள். மறைக்கும் இலையைக் கழிக்க வேண்டா. முட்டையைத் தொட வேண்டா. அருகில் சென்று ஒளி பாய்ச்சிப் படம் எடுக்க வேண்டா. வெள்ளை அடிப்பதையும் கிளை கழிப்பதையும் ஒரு மாதம் தள்ளிவையுங்கள். இறகு முளைத்த குஞ்சு கீழே கிடந்தால் உடனே எடுத்து வளர்க்க முனையாமல், பூனையும் நாயும் அணுகாமல் காத்துத் தொலைவில் நில்லுங்கள். பெரும்பாலும் தாய் அருகிலேயே இருக்கும். ஒரு சட்டி நீர் வையுங்கள். பிறகு, பார்த்திருங்கள்.

உண்ணும் பறவையாகவே பல காலம் வாழ்ந்துவிட்ட உயிர், பார்த்திருக்கும் பறவையின் இயல்பைச் சிறிதேனும் பழகுவதற்குச் சாளரத்தருகே ஒரு கூடு போதும். மனத்துணையாய் விளங்கும் பெருமான் அனைவர்க்கும் அப்பொறுமையை அருள்வானாக!

திருச்சிற்றம்பலம்.